லான்ஸ் லின் பெயரைக் கேட்டு ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி: வேலைக்காக செயின்ட் லூயிஸ் வந்து ஒரு வருடம் ஆகிறது. ஆபீஸில் எல்லோரும் இந்த ஊர் பேஸ்பால் அணியான கார்டினல்ஸின் ரசிகர்கள். சீசன் முடிந்ததும் "எந்த ஸ்டார்ட்டிங் பிட்சரை எடுக்கலாம்" என்று சண்டை ஆரம்பிக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் அது 2023 குளிர்காலத்துக்குப் போய்விடுகிறது. ஸ்னெல்லை எடுத்திருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். மான்ட்கோமரியை விட்டதுதான் பாவம் என்கிறார் இன்னொருவர். லான்ஸ் லின் என்று யாராவது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கிரிக்கெட் மட்டும் தெரிந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் பக்கம் நியாயம்?

பதில்:

நல்ல குளிர்காலமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். பேசப்பட்ட பெயர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு ஆடி முடித்து, அவரவர் மார்க் ஷீட் நம் கையில் இருக்கிறது. இந்த வருடச் சண்டையில் யார் சரி என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லலாம். கூடவே நானே எங்கே கோட்டை விட்டேன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு அணிக்கு சீசனில் 162 ஆட்டம். மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ், ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆக, சீசன் முழுவதும் யாராவது கிட்டத்தட்ட 1,458 இன்னிங்ஸ் பந்து போட்டாக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்குபவர்தான் ஸ்டார்ட்டிங் பிட்சர். ஒருமுறை போட்டால் கை ஆற நான்கைந்து நாள் ஆகும் என்பதால் ஐந்து பேரைச் சுற்றில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ரொட்டேஷன். இந்த ஐந்து பேரும் சேர்ந்து 800, 850 இன்னிங்ஸையாவது தாங்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் புல்பென் ஆட்களின் கை ஜூலைக்குள் ஓய்ந்துவிடும். ஒருவரே 200 இன்னிங்ஸ் போடுவது ஒரு காலத்தில் சாதாரணம். 2024 சீசனில் மேஜர் லீகின் இரண்டு பாதிகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் சேர்த்து நான்கே பேர்தான் அதைத் தொட்டார்கள். இன்னிங்ஸ் என்பது இப்போது அரிசி மாதிரி. பாயசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாதத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அப்புறம் ஃப்ரீ ஏஜென்ட். மேஜர் லீகில் ஆறு வருடச் சேவை முடித்து ஒப்பந்தமும் தீர்ந்த ஆட்டக்காரர் எந்த அணியோடும் பேரம் பேசலாம். இதை ஐபிஎல் ஏலம் போல நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே சுத்தியல் கிடையாது, அணிக்கு இவ்வளவுதான் பணம் என்ற கட்டாய வரம்பும் கிடையாது. ஆட்டக்காரர்தான் அணியைத் தேர்ந்தெடுக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமான வித்தியாசம், எழுதிக் கொடுத்த சம்பளம் எழுதிக் கொடுத்ததுதான். கையெழுத்துப் போட்ட மறுமாதம் முழங்கைத் தசைநார் அறுந்தாலும் கடைசி டாலர் வரை கொடுத்தாக வேண்டும். ரசிகர்களின் சண்டைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஃப்ரீ ஏஜென்சியின் பிறப்பே பிட்சர்களால் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 1974-ல் ஓக்லண்ட் அணியின் கேட்ஃபிஷ் ஹன்டர், தன் சம்பளத்தில் பாதியைக் காப்பீட்டுத் திட்டத்தில் போடுவதாகச் சொன்ன முதலாளி சார்லி ஃபின்லி அப்படிச் செய்யவில்லை என்று முறையிட்டார். மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தம் முறிந்தது, ஹன்டர் சுதந்திரம் என்று தீர்ப்பளித்தார். வட கரோலினாவில் அஹோஸ்கி என்ற சின்ன ஊரில் இருந்த வக்கீல் அலுவலகத்துக்கு அணி அணியாகப் படையெடுத்தார்கள். டிசம்பர் 31 அன்று யாங்கீஸ் அணி 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஐந்து வருடத்துக்கு வளைத்தது. அடுத்த வருடமே அதே சைட்ஸ் மெசர்ஸ்மித், மெக்நாலி என்ற இன்னும் இரண்டு பிட்சர்களின் வழக்கில் கதவை முழுசாகத் திறந்துவிட்டார், அணி முதலாளிகள் உடனே அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஹன்டர் என்ன ஆனார்? 1975-ல் 328 இன்னிங்ஸ், 23 வெற்றி. பிறகு தோள் தேய்ந்தது. ஐந்து வருட ஒப்பந்தம் முடியும்போது 33 வயதில் ஓய்வு. ஆனால் நடுவில் யாங்கீஸ் 1977, 1978 என்று இரண்டு வேர்ல்ட் சீரிஸ் (சீசனின் கோப்பைத் தொடர்) ஜெயித்தது. அந்தப் பணம் வீணா, லாபமா? ஐம்பது வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் இதே கேள்வியைத்தான் வேறு வேறு பெயர் போட்டுக் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். 2023-ல் கார்டினல்ஸ் 71 வெற்றி, 91 தோல்வி. தங்கள் பிரிவில் கடைசி இடம். 1990-க்குப் பிறகு அந்த ஊர் பார்க்காத இடம் அது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது: ரொட்டேஷன். ஊரின் செல்லப்பிள்ளை ஆடம் வெய்ன்ரைட் 200-வது வெற்றியைத் தொட்டு ஓய்வு பெற்றார். ஆனால் அந்த வருடம் அவருடைய இ.ஆர்.ஏ 7.40. (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் இ.ஆர்.ஏ. ஃபீல்டர் தப்பால் வந்த ரன் அதில் சேராது. 3-க்குக் கீழே அபாரம், 4 பரவாயில்லை, 5-க்கு மேல் போனால் மனைவி மக்கள்தான் கைதட்டுவார்கள்.) ஜூலை கடைசியில் ஸ்டார்ட்டர் மான்ட்கோமரியை டெக்சஸுக்கும், ஆகஸ்ட் முதல் நாள் இன்னொரு ஸ்டார்ட்டர் ஜாக் ஃப்ளாஹெர்ட்டியை பால்டிமோருக்கும் தள்ளிவிட்டார்கள். மான்ட்கோமரி நேராக டெக்சஸ் போய் அக்டோபரில், அதாவது ப்ளேஆஃப் மாதத்தில், கலக்கி, வேர்ல்ட் சீரிஸ் மோதிரத்தோடு ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். விற்ற மாடு பக்கத்து வீட்டில் குடம் குடமாகக் கறந்தால் எப்படி இருக்கும்? அந்த வயிற்றெரிச்சல்தான் உங்கள் ஆபீஸில் இன்னும் அடங்கவில்லை.

நிர்வாகத் தலைவர் ஜான் மோசெலியாக் மூன்று ஸ்டார்ட்டர் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். உடனே ரசிகர்கள் கட்சி பிரிந்தார்கள்.

ஒரு கட்சி ஏஸ் கட்சி. எதிரணி பார்த்ததுமே பதறும் ஒரு ஆள் இல்லாமல் மற்றது எல்லாம் வீண் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய வேட்பாளர் பிளேக் ஸ்னெல். சான் டியேகோவில் அந்த வருடம் 2.25 இ.ஆர்.ஏ, 234 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்குவது), சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இன்னும் துணிச்சல்காரர்கள் ஜப்பானின் யோஷினொபு யமமோட்டோ என்றார்கள். 25 வயது, அந்த நாட்டின் சவாமுரா விருதைத் தொடர்ந்து மூன்று முறை வாங்கியவர். அடுத்தது மான்ட்கோமரி கட்சி. பெரிய மினுமினுப்பு இல்லை, ஆனால் தவறாமல் வருவார், 188 இன்னிங்ஸ், 3.20, ஊர் பழக்கம். அதோடு ஒரு சட்ட நுணுக்கமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. நல்ல ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது பழைய அணி அவருக்கு ஒரு வருடச் சம்பளத்தை "குவாலிஃபையிங் ஆஃபர்" என்று நீட்டலாம், அந்த வருடம் அது 2.03 கோடி டாலர். அவர் அதை மறுத்துவிட்டுப் போனால், அவரை எடுக்கும் புது அணி டிராஃப்ட் தேர்வு ஒன்றை, அதாவது புது இளைஞர் ஒருவரை எடுக்கும் வாய்ப்பை, இழக்கும். ஸ்னெல், ஆரோன் நோலா, சானி கிரே என்று சந்தையில் இருந்த மற்ற பிட்சர்கள் கழுத்திலும் இந்தச் சீட்டு தொங்கியது. சீசன் நடுவில் கை மாறியவருக்கு அந்த ஆஃபரைக் கொடுக்கவே முடியாது என்பதால் மான்ட்கோமரிக்குச் சீட்டு இல்லை.

நான் மான்ட்கோமரி கட்சி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் நவம்பரில், அடுத்தடுத்து என்று சொல்லும் வேகத்தில், கார்டினல்ஸ் இரண்டு பேரை எடுத்தது. லான்ஸ் லின், கைல் கிப்சன். இருவருக்கும் 36 வயது. லின் முந்தைய சீசனில் 5.73 இ.ஆர்.ஏ, 44 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) விட்டுக்கொடுத்தவர், மேஜர் லீகிலேயே அதிகம். கிப்சன் 4.73. ஊரே கொதித்தது. கடைசி இடத்தில் இருக்கும் அணி, ஹோம் ரன் வள்ளலை எடுத்துக்கொண்டு வருகிறதே என்று. ஒரு வாரத்துக்குள் சானி கிரேயை மூன்று வருடம், 7.5 கோடி டாலருக்கு எடுத்ததும் கொதிப்பு கொஞ்சம் ஆறியது. கிரே அமெரிக்கன் லீக் சை யங் ஓட்டில் இரண்டாம் இடம் வந்தவர், ஆனால் அவருக்கும் 34 வயது. "மூன்று பேர் வேண்டும் என்றீர்கள், எடுத்தாயிற்று" என்று கடையை மூடிவிட்டார்கள். ஸ்னெல்லும் மான்ட்கோமரியும் கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் தாண்டி வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர்கள் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது விடைத்தாளைத் திருத்தலாம். ஸ்னெல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவரைப் போல ரசிகர்களைப் பிரிக்கும் பிட்சர் வேறு யாரும் இல்லை.

2023-ல் அவர் 180 இன்னிங்ஸில் 99 பேரை வாக் கொடுத்து அனுப்பினார். அதாவது நான்கு தப்பான பந்து போட்டு, அடிக்காமலேயே முதல் பேஸுக்கு, ரன் எடுக்கும் வழியில் முதல் நிறுத்தத்துக்கு. நேஷனல் லீகிலேயே அதிகம். பேஸில் ஆள் நிறைந்த பிறகு ஸ்ட்ரைக்அவுட் எடுத்துத் தப்பித்துக்கொள்வார். அந்த வித்தை ஒவ்வொரு வருடமும் பலிக்காது என்பது எண் பார்ப்பவர்கள் கருத்து. எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. ஸ்னெல் தன் வாழ்க்கையில் 130 இன்னிங்ஸைத் தாண்டியது இரண்டே வருடங்கள்தான்: 2018, 2023. அந்த இரண்டு வருடமும் சை யங் வாங்கினார். நடுவில் ஒரு வருடம்கூட 130 இல்லை. ஆரோக்கியமாக இருந்தால் உலகிலேயே சிறந்தவர்களில் ஒருவர், அந்த ஆரோக்கியத்தைத்தான் நம்ப முடியாது. ஏஸ் கட்சிக்காரர் முதல் பாதியைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் இரண்டாம் பாதியைச் சொல்வார், இரண்டுமே உண்மை.

மார்ச் நடுவில், சீசன் தொடங்க சில நாள் இருக்கும்போது, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை இரண்டு வருடம், 6.2 கோடிக்கு எடுத்தது. வேண்டுமென்றால் முதல் வருடத்தோடு கிளம்பலாம் என்ற ஷரத்தும் உண்டு. வசந்தகாலப் பயிற்சியே இல்லாமல் வந்தவர் முதல் ஆறு ஆட்டத்தில் 9.51 இ.ஆர்.ஏ, ஒரு வெற்றிகூட இல்லை, நடுநடுவே காயம். ஜூலையில் திரும்பி வந்தார் பாருங்கள், அங்கிருந்து 14 ஆட்டத்தில் 1.23. ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில் ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்து பேஸைப் பிடிப்பது) விடாமல் ஒன்பது இன்னிங்ஸும் போட்டார். வாழ்க்கையில் அவர் முழுசாக முடித்த முதல் ஆட்டமே அதுதான். வருடக் கடைசிக் கணக்கு: 104 இன்னிங்ஸ், 3.12. ஜயன்ட்ஸ் ப்ளேஆஃப் போகவில்லை. ஸ்னெல் ஷரத்தைப் பயன்படுத்திக் கிளம்பி டாட்ஜர்ஸோடு ஐந்து வருடம், 18.2 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

டாட்ஜர்ஸில் 2025-ல் என்ன செய்தார்? தோள் வலி, மொத்தம் 61 இன்னிங்ஸ். ஆனால் அக்டோபரில் மில்வாக்கிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட், பத்து ஸ்ட்ரைக்அவுட். டாட்ஜர்ஸுக்கு இது கட்டுப்படியாகும். அவர்களிடம் மே மாதத்து இன்னிங்ஸைப் போட ஆள் இருக்கிறது, இல்லையென்றால் வாங்கப் பணம் இருக்கிறது. அவர்கள் வாங்கியது அக்டோபர் ஸ்னெல்லை. 91 ஆட்டம் தோற்ற கார்டினல்ஸுக்குத் தேவைப்பட்டது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வேலைக்கு வரும் ஆள். ஒரே பிட்சர் ஒரு அணிக்குச் சரியான வாங்கல், இன்னொன்றுக்குத் தப்பான வாங்கல். "ஸ்னெல் நல்ல பிட்சரா" என்று உங்கள் ஆபீஸில் எத்தனை வருடம் பேசினாலும் முடியாததற்குக் காரணம், கேள்வியில் கார்டினல்ஸே இல்லை.

இப்போது என் ஆள். மான்ட்கோமரி மார்ச் கடைசியில்தான் அரிசோனாவோடு ஒரு வருடத்துக்கு, 2.5 கோடிக்குச் சேர்ந்தார். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டம் தொடங்கினால் அடுத்த வருடமும் தங்கலாம் என்ற உரிமையோடு. 117 இன்னிங்ஸ், 6.23 இ.ஆர்.ஏ. ரொட்டேஷனிலிருந்தே இறக்கிவிட்டார்கள். அணி முதலாளி கென் கென்ட்ரிக், அவரை எடுக்கச் சொன்னது நான்தான், பழி என்மேல்தான் என்று வானொலியில் ஒப்புக்கொண்டார். மான்ட்கோமரி தன் உரிமையைப் பயன்படுத்தி 2.25 கோடிக்குத் தங்கினார், 2025 சீசன் தொடங்கும் முன்பே முழங்கைக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை (அறுந்த தசைநாரை மாற்றுவது) என்று ஆனது. ஸ்னெல்தான் சூதாட்டம், மான்ட்கோமரி தபால்காரர் மாதிரி, மழையானாலும் வருவார் என்று நான் எழுதாத குறையாகப் பேசித் தள்ளியிருந்தேன். "பத்திரமான பிட்சர்" என்று ஒன்று இல்லை. மார்ச் வரை இழுத்தடித்ததும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். இருவருக்கும் ஸ்காட் போராஸ்தான் ஏஜென்ட், சந்தை ஏறும் என்று காத்திருந்தார்கள், ஏறவில்லை. மான்ட்கோமரி சீசன் தொடங்கிய சில வாரத்திலேயே ஏஜென்டை மாற்றிவிட்டார்.

சரி, நீங்கள் சிரிக்கக் கேட்ட அந்தப் பெயர். 2024-ல் சானி கிரேயின் இ.ஆர்.ஏ 3.84. லான்ஸ் லின்னின் இ.ஆர்.ஏ எவ்வளவு தெரியுமா? அதே 3.84. கிரே 166 இன்னிங்ஸ், லின் முழங்கால் தொந்தரவால் 117-தான் என்பது உண்மை. கிரே 203 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், லின் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினார். ஆனாலும் ஒரு வருடம், 1.1 கோடிக்கு எடுத்த கிழவர் அவர். கிப்சன் 30 ஆட்டத்தைத் தொடங்கி, 170-ஐ நெருங்கி இன்னிங்ஸ் போட்டு 4.24. சாதம் வெந்தது. கார்டினல்ஸ் 71-லிருந்து 83 வெற்றிக்கு ஏறியது. யாரும் கொண்டாடவில்லை, ப்ளேஆஃப் இல்லையே.

உண்மையில் கார்டினல்ஸ் ரசிகர் பொறாமைப்பட வேண்டிய அணி டாட்ஜர்ஸ் இல்லை. ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே நான்கு மணி நேரம் ஓட்டினால் வரும் கான்சஸ் சிட்டி. ராயல்ஸ் 2023-ல் 106 ஆட்டம் தோற்றது. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் செத் லூகோவை மூன்று வருடம் 4.5 கோடிக்கும், மைக்கேல் வாக்காவை இரண்டு வருடம் 3.2 கோடிக்கும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 7.7 கோடி, கார்டினல்ஸ் கிரே ஒருவருக்குக் கொடுத்ததைவிட 20 லட்சம்தான் கூட. வாக்கா யார் தெரியுமா? கார்டினல்ஸ் வளர்த்த பிள்ளை, 2013-ல் நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

2024-ல் லூகோ 206 இன்னிங்ஸ், 3.00 இ.ஆர்.ஏ, 16 வெற்றி, அமெரிக்கன் லீக் சை யங் ஓட்டில் இரண்டாம் இடம். வாக்கா 13 வெற்றி, 3.35. ராயல்ஸ் 86 வெற்றியோடு ப்ளேஆஃப் போய், பால்டிமோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாங்கீஸிடம் தோற்றது. ஒரே வருடத்தில் 30 வெற்றி கூடுதல். எல்லாம் இந்த இருவரால் இல்லை, பாபி விட் ஜூனியர் என்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) ராட்சசன் மாதிரி ஆடினார். ஆனால் இவர்கள் இல்லாமல் நடந்திருக்காது.

லூகோவை முன்பே கணித்திருக்க முடியுமா? இது எனக்கு மிகவும் பிடித்த வாதம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். ரசிகர்கள் பார்த்தது: 34 வயது, நியூயார்க் மெட்ஸில் பல வருடம் புல்பெனில் இருந்தவர், எந்த ஒரு சீசனிலும் 150 இன்னிங்ஸ்கூடப் போட்டதில்லை. யாருக்கும் உற்சாகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பார்க்காமல் விட்டது: 2023-ல் சான் டியேகோவில் 26 ஆட்டத்தைத் தொடங்கி 140 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 36 வாக். இந்த இடைவெளிதான் முக்கியம். ரன் என்பதில் ஃபீல்டர், மைதானம், அதிர்ஷ்டம், புல்பென் என்று நாலு பேர் கை வைக்கிறார்கள். ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் பெரும்பாலும் பிட்சர் கையில் மட்டும் இருப்பவை. போன வருட இ.ஆர்.ஏவைவிட அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அடுத்த வருடத்தை நன்றாகக் காட்டும். மேலும் லூகோவின் ஆயுதப்பெட்டியில் வேகப் பந்து மட்டும் இல்லை, எட்டு வகைக்கு மேல் போடுவார். வேகம் வயதோடு குறையும், வித்தை குறையாது. அப்போது ராயல்ஸ் மைதானமும் பெரியதாக இருந்தது, தூக்கி அடித்த பந்து பல ஃபீல்டர் கையில் போய் விழுந்தது.

இதே மாதிரி இன்னொரு ஆறாத புண்: ஃப்ளாஹெர்ட்டி. 2023-ல் இரண்டு அணியிலும் சேர்த்து இ.ஆர்.ஏ ஐந்தை ஒட்டி இருந்தது. செயின்ட் லூயிஸில் அவரைத் திரும்ப எடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் காபியைத் தலையில் ஊற்றியிருப்பார்கள். டெட்ராய்ட் 1.4 கோடிக்கு ஒரு வருடத்துக்கு எடுத்தது. 18 ஆட்டம், 2.95, 133 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 19 வாக். ஜூலையில் டாட்ஜர்ஸுக்குக் கை மாறி, வேர்ல்ட் சீரிஸ் மோதிரம்.

இதைச் சொன்னதும் "அப்படியென்றால் மலிவு ஆட்களையே எடுப்போம்" என்று கிளம்பிவிட வேண்டாம். அதே டெட்ராய்ட் அதே குளிர்காலத்தில் கென்டா மயேடாவுக்கு இரண்டு வருடம், 2.4 கோடி கொடுத்தது, 6.09 இ.ஆர்.ஏ. பாஸ்டன் லூகஸ் ஜியோலிட்டோவுக்கு 3.85 கோடி கொடுத்தது. அவர் மார்ச்சில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய் 2024-ல் ஒரு பந்துகூடப் போடவில்லை. வித்தியாசம் என்னவென்றால், சின்ன ஒப்பந்தம் பொய்த்தால் ஒரு வருடம் புலம்பல். பெரிய ஒப்பந்தம் பொய்த்தால் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் வரை புலம்பல். வாஷிங்டனைக் கேளுங்கள். 2019 டிசம்பரில் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு வருடம், 24.5 கோடி. அதன் பிறகு அவர் போட்டது மொத்தம் 31 இன்னிங்ஸ். 2024-ல் ஓய்வு. அதே அணியின் பேட்ரிக் கார்பின், ஆறு வருடம் 14 கோடி, முதல் வருடம் வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் ரன் விடாமல் போட்டு வெற்றி பெற்றவர். பிறகு மூன்று வருடம் தொடர்ந்து நேஷனல் லீகின் அதிகத் தோல்வி அவர் பேரில். கார்பின் ஒப்பந்தம் நஷ்டமா என்று வாஷிங்டன் ரசிகரிடம் கேட்டால் கோப்பையைக் காட்டுவார். எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. ஜாக் வீலர் 2019-ல், அதுவரை மொத்தம் 44 வெற்றி, 38 தோல்வி என்ற சுமாரான கணக்கோடு, டாமி ஜான் தழும்போடு சந்தைக்கு வந்தார். ஃபிலடெல்ஃபியா 11.8 கோடி கொடுத்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பத்து வருடத்தின் தலைசிறந்த வாங்கல்களில் ஒன்று அது. யமமோட்டோ? மேஜர் லீகில் ஒரு பந்துகூடப் போடும் முன்பே டாட்ஜர்ஸ் 12 வருடம், 32.5 கோடி கொடுத்தது. சோலில் நடந்த அவருடைய முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் விட்டார். உலகமே சிரித்தது. 2025 வேர்ல்ட் சீரிஸில் இரண்டாவது ஆட்டத்தை முழுசாக முடித்தார், ஆறாவதில் ஆறு இன்னிங்ஸ் போட்டார், மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் வந்து கடைசி எட்டு அவுட்டை எடுத்தார். மூன்று வெற்றி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 25 வயதில் சந்தைக்கு வரும் ஏஸ் அபூர்வம். பெரும்பாலானவர்கள் 30, 31-ல் வருகிறார்கள், அதாவது அணி விலை கொடுப்பது கழிந்துபோன நல்ல வருடங்களுக்கு. யமமோட்டோவில் மட்டும் வரப்போகும் வருடங்கள் விற்பனைக்கு இருந்தன.

"நம்ம பணமா போகுது, முதலாளி பணம்தானே, எல்லோரையும் வாங்கட்டும்" என்று ஒருவர் உங்கள் ஆபீஸிலும் இருப்பார். அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் எந்த முதலாளியும் மனதுக்குள் ஒரு தொகையை வைத்திருக்கிறார். பிட்சருக்குப் போனது வேறு எங்கோ குறையும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், அந்தக் குளிர்காலத்தில் யாருமே சண்டை போடாத இடத்தில்தான் ஓட்டை இருந்தது. 2024-ல் கார்டினல்ஸ் 83 வெற்றி. கடைசி ப்ளேஆஃப் இடம் 89-ல் முடிந்தது. ஆறு ஆட்டம் தூரம். ஸ்னெல்லின் 104 இன்னிங்ஸ் அந்த ஆறையும் தந்திருக்காது. மான்ட்கோமரி இருப்பதையும் குறைத்திருப்பார். பால் கோல்ட்ஷ்மிட் 2022-ல் நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர், அவருடைய பேட்டிங் சராசரி .245-க்கு இறங்கியது. நோலன் அரனாடோ 16 ஹோம் ரன்னோடு நின்றுவிட்டார். அணி எடுத்த ரன்னைவிடக் கொடுத்த ரன் அதிகம். அப்படியிருந்தும் 83 ஜெயித்தது ஆச்சரியம்.

ஆக, யார் பக்கம் நியாயம் என்றால், மான்ட்கோமரிக்காக இன்னும் அழுகிறவரிடம் 6.23 என்று மட்டும் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டால் நானும் அதே கட்சியில்தான் இருந்தேன் என்று சமாதானம் சொல்லுங்கள். ஸ்னெல் ரசிகரிடம், எந்த மாதத்துக்கு அவர் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒருமித்துச் சிரிக்கும்போது, கிரேயின் இ.ஆர்.ஏ என்ன, லின்னின் இ.ஆர்.ஏ என்ன என்று போனில் பார்க்கச் சொல்லுங்கள். வாக்காவைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள், பழைய காயம், மதிய உணவு வீணாகிவிடும்.